கூடியிருத்தலே நோன்பின் பயன்

மாதங்களுள் தான் மார்கழி என்று கண்ணபிரான் கீதையின் 10ஆம் அத்தியாயத்தில் அருளிச்செய்தமை ஆஸ்திகப் பெருமக்கள் யாவரும் அறிந்ததே. டிசம்பர்த் திங்களின் நடுவில் பிறந்து, தைப்பொங்கலுக்கு வழிவிட்டு விடைபெறும் இத்திங்களில் நம் இல்லங்கள் ஒரு தனிக்களை பெறுகின்றன. வைகறையில் வாசல் தெளித்துக் கோலமிட்டுப் பறங்கிப்பூ வைக்கின்றனர். திருக்கோயில்களில் திருப்பாவை ஒலிக்கிறது. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை வருகிறது. அதன் பின்னே போகி, பொங்கல், கனு என்று பண்டிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தொலைதூர நகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்வோர் பிறந்த ஊரை நாடி வருவதும் இந்நாள்களில்தான். பெருமாளைச் சேவிக்க இத்திருவிழாவிற்கு வந்திருக்கும் அன்பர்களும் பெரும்பாலும் குடும்பத்தோடும் நண்பர்களோடுமே வந்திருப்பீர்கள்.

சுற்றமும் நட்பும் சூழ மகிழ்ந்திருத்தல் எல்லோரும் விரும்புவதே. ஆயினும் அவ்வாறு கூடிய நாளின் இரவில், வந்தவர்கள் உறங்கிய பின், வீட்டின் மூத்தவள் ஒருத்தி விழித்திருப்பதுண்டு. ஒரு மகன் வந்தான், மற்றொருவன் வரவில்லை. அவனுக்கு ஏதோ மனத்தாங்கல். அழைப்பு அனுப்பியாயிற்று, ஆனால் ஒருவரும் நேரில் போகவில்லை. வந்திருந்தவர்களும் அவன் பெயரை எடுக்காமலே பேசிக் களித்துப் பிரிந்தனர். இத்தகைய குறை இல்லாத வீடு அரிது. பண்டிகை பலகாரத்தாலும் புத்தாடையாலும் இக்குறை நிரம்புவதில்லை.

இதனை நிரப்பும் வழி எது? மார்கழி நோன்பை நமக்குக் காட்டித்தந்த சூடிக்கொடுத்த நாச்சியாரே இதற்கும் விடை தந்திருக்கிறாள் என்பதை இக்கட்டுரையில் அநுசந்திப்போம்.

நோன்பு தனியொருவருக்கு உரியதன்று

விரதங்களுள் தனித்து நோற்பன பல. ஏகாதசி உபவாசத்தைத் தனித்து இருப்பவரும் நோற்கலாம். ஆனால் ஆண்டாள் கைக்கொண்ட பாவை நோன்பு அத்தகையதன்று. அது தோழியர் பலர் ஒன்றுதிரண்டு நோற்கும் நோன்பு. அதன் பயனும் நாட்டுக்கே உரியது. தீங்கின்றி மாதம் மும்மாரி பொழிய வேண்டும், நெற்பயிர் ஓங்கி வளர வேண்டும், பசுக்கள் குடம் நிறையப் பால் சொரிய வேண்டும் என்பனவே 3ஆம் பாசுரத்தில் கூறப்படும் பலன்கள்.

நோன்பின் விதிகளை 2ஆம் பாசுரம் கூறுகிறது. நெய்யும் பாலும் விலக்கு. கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் விலக்கு. இவையெல்லாம் உடலைப் பற்றிய விதிகள். இவற்றோடு வேறு இரண்டையும் நாச்சியார் சேர்த்திருக்கிறாள். ஒன்று, பிறர்மேல் கோள் சொல்லாமை. மற்றொன்று, தக்கோருக்கு மதிப்போடு அளிக்கும் ஐயமும், துறவியர் பிரம்மசாரிகள் முதலானோர்க்கு இடும் பிச்சையும் தம்மால் இயன்ற அளவும் கொடுத்தல். உற்றார் பலர் கூடும் இடத்தில் எளிதில் நுழைவது கோள். முதலில் குறைவது ஈகை. விருந்தினர் பலர் அமர்ந்த கூடத்தில் வராதவரைப் பற்றிய பேச்சு எங்ஙனம் தொடங்கி எங்கே சென்று முடியும் என்பதை அறியாதவர் யார்? நெய்யையும் பாலையும் விட்டுவிடுவது எளிது. இதனை விடுவது அரிது. ஆதலின் இதுவும் விரதத்தின் அங்கமாயிற்று.

பத்து வாசல்கள்

திருப்பாவை 30 பாசுரங்களைக் கொண்டது. அவற்றுள் 6 முதல் 15 முடிய உள்ள 10 பாசுரங்கள், அஃதாவது மூன்றில் ஒரு பங்கு, உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன. கண்ணன் திருமாளிகை வாசலுக்கு வருவதே 16ஆம் பாசுரத்தில்தான். எம்பெருமானைக் காணும் வேட்கையால் உந்தப்பட்டவர்கள், விழித்தவர் மட்டும் விரைந்து செல்வோம் என்று எண்ணியிருக்கலாம் அன்றோ? அவ்வாறு எண்ணவில்லை. பெரும் ஆற்றுப் பெருக்கில் இறங்குவோர் கைகோத்து இறங்குவது போலப் பகவத் அநுபவத்தில் இறங்குவோர்க்கும் துணை வேண்டும் என்றும், சுவையான பண்டத்தைத் தனித்து உண்ணலாகாது என்றும் பெரியோர் இதற்குக் காரணம் கூறுவர்.

அந்தப் பத்து வாசல்களிலும் உறங்குவோர் ஒரே தன்மையர் அல்லர். ஒருத்தி இந்த அநுபவத்திற்குப் புதியவள். சிறு பிள்ளை போல அறியாது உறங்குகிறாள். ஒருத்தி எல்லாம் அறிந்தவள், கூட்டத்தின் தலைவி, அறிந்தும் கிடக்கிறாள். ஒருத்தி மணி விளக்குகள் ஒளிரும் மாளிகையில் நறும்புகை கமழப் பஞ்சணையில் துயில்கிறாள். ஒருத்தி அழைத்த குரலுக்கு மறுமொழியும் தருவதில்லை. கும்பகர்ணனே தன் உறக்கத்தை அவளிடம் தோற்றுக் கொடுத்தானோ என்று தோழியர் நகைக்கின்றனர். ஒருத்தி, எல்லோருக்கும் முன் எழுந்து வந்து உங்களை நானே எழுப்புவேன் என்று முதல்நாள் வாக்களித்தவள். அவளையே இப்போது பிறர் வந்து எழுப்ப வேண்டியிருக்கிறது.

நம் உறவினர்களையும் நண்பர்களையும் இவ்வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொருவரையும் அடையாளம் காணலாம். செல்வச் செழிப்பினால் வராதவர் உண்டு. வருவதாகச் சொல்லி வராதவர் உண்டு. கடிதத்திற்கும் கைபேசிக்கும் விடை தராதவர் உண்டு. கூடிக் களிப்பதன் சுவையே அறியாத இளையவர் உண்டு. இவர்களுள் எவரையும் நாச்சியார் விட்டுச் செல்லவில்லை. ஒவ்வொருவர் வாசலிலும் நின்று, அவரவர்க்கு ஏற்ற சொல்லால் அழைக்கிறாள். ஒருத்தியைப் புகழ்ந்தும், ஒருத்தியைக் கடிந்தும், ஒருத்தியைப் பரிகசித்தும் எழுப்புகிறாள்.

இப்பகுதியில் மூன்று குறிப்புகள் நம் நெஞ்சில் பதியத்தக்கவை. 8ஆம் பாசுரத்தில், முன்னே புறப்பட்டுச் சென்ற பிள்ளைகளையும் போகாமல் தடுத்து நிறுத்திவிட்டு உன்னை அழைக்க வந்தோம் என்கின்றனர். ஒருத்திக்காகப் பலர் காத்து நிற்கின்றனர். 9ஆம் பாசுரத்தில், உறங்குபவளை மாமன் மகளாகவும் அவள் தாயை மாமியாகவும் முறை சொல்லி அழைக்கிறாள். உறவை வாய்விட்டுச் சொல்லி அழைக்கும்போது மூடிய கதவும் திறக்கும் என்பது இதன் கருத்து. 11ஆம் பாசுரத்தில் சுற்றத்தாரும் தோழியரும் ஆகிய அனைவரும் உன் முற்றத்தில் வந்து நிற்கின்றனர் என்கிறாள். நாம் இன்று குடும்பமும் நண்பர்களும் என்று சேர்த்துச் சொல்லும் அவ்விரு கூட்டமும் அங்கே ஒரே முற்றத்தில் நிற்கக் காண்கிறோம்.

அவர்கள் நிற்பதும் எளிதான நிலையில் அன்று. 12ஆம் பாசுரத்தில் பனி தலைமேல் வீழ, வாசற்காலைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனர். மார்கழிப் பனியில் பிறர் வாசலில் நிற்பதற்கு அவர்கள் வெட்கப்படவில்லை. நாமோ ஒரு முறை அழைத்து விடை வராவிடில், நம் கடமை தீர்ந்தது என்று திரும்பிவிடுகிறோம்.

குற்றத்தைத் தன்மேல் ஏற்றல்

பத்தாவது வாசலே 15ஆம் பாசுரம். இது முழுவதும் உரையாடலாக அமைந்தது. உள்ளே இருப்பவளும் வெளியே நிற்பவர்களும் சொல்லுக்குச் சொல் பேசுகின்றனர். பாகவதர்களின் தன்மையைக் காட்டுவதனால் இதனைத் திருப்பாவைக்குள் திருப்பாவை என்று பெரியோர் போற்றுவர்.

வெளியே நிற்பவர்கள், உன் பேச்சின் வன்மையை நாங்கள் முன்பே அறிவோம் என்று குறை கூறுகின்றனர். அவள் முதலில், வன்மை உடையவர்கள் நீங்களே என்று மறுக்கிறாள். உடனே தன்னைத் திருத்திக்கொண்டு, இல்லை, அந்தக் குற்றம் என்னுடையதாகவே ஆகட்டும் என்று ஏற்கிறாள். பிறர் தன்மேல் சுமத்தும் குற்றத்தை, அது தன்னிடம் இல்லையாயினும், இசைந்து ஏற்பதே வைஷ்ணவ லக்ஷணம் என்று இவ்விடத்தில் காட்டுவர். அந்த ஒரு சொல்லோடு வாதம் முடிகிறது, கதவும் திறக்கிறது.

குடும்பங்களில் உண்டாகும் பிணக்குகளை ஆராய்ந்தால், அவற்றுள் பெரும்பாலானவை சிறு காரணத்தால் தோன்றி, குற்றம் யாருடையது என்னும் வழக்கினால் வளர்ந்தவை என்பது புலனாகும். ஒரு வரப்பு, ஒரு நகை, ஒரு திருமணத்தில் சொல்லப்பட்ட அல்லது சொல்லப்படாத ஒரு வார்த்தை. பத்து ஆண்டுகள் கழிந்த பின் அந்தக் காரணம் தேய்ந்து போகிறது. வழக்கு மட்டும் தேயாமல் நிற்கிறது. இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் காண்பது எவராலும் இயலாது. ஒருவர் முன்வந்து, குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று சொல்வதே இதற்கு உள்ள ஒரே முடிவு.

அவ்வாறு கதவைத் திறந்தவள் கேட்கும் கேள்வியும் அருமையானது. எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்கிறாள். நீயே வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்பது தோழியர் விடை. சற்று முன்வரை அவளை எண்ணிக் காத்திருந்தார்கள். இப்போது அவள் பிறரை எண்ணத் தொடங்குகிறாள். கூட்டத்தில் சேர்ந்தவரின் முதற் கடமை, இன்னும் சேராதவர் எவர் என்று பார்ப்பதே என்பது இதனால் விளங்கும்.

கூடாரவல்லியும் அக்காரவடிசிலும்

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லித் திருநாள். பெரும்பாலும் ஜனவரி 11ஆம் தேதியை ஒட்டி வரும் இந்நாளில், கூடாரை எனத் தொடங்கும் 27ஆம் பாசுரத்தைச் சிறப்பாகச் சேவித்து எம்பெருமானுக்கு அக்காரவடிசில் அமுது செய்விக்கின்றனர். நோன்பின் தொடக்கத்தில் விலக்கிய நெய்யும் பாலும் இங்கே மீண்டும் வருகின்றன. உண்பவரின் முழங்கை வழியே நெய் வழிந்தோடும்படி பாலமுது ஆக்கப்படுகிறது. நோன்பின்போது களைந்த அணிகளையும் ஆடைகளையும் பூண்கின்றனர்.

ஆனால் இவற்றோடு பாசுரம் முடியவில்லை. அணி, ஆடை, அமுது ஆகிய அனைத்தையும் கூறிய பின், கூடியிருந்து உள்ளம் குளிர்வதையே நாச்சியார் முடிவாக வைக்கிறாள். பிரிந்தவர் கூடியதால் உண்டாகும் குளிர்ச்சியே இங்குப் பயன் என்றும், உணவு அதற்கு ஒரு வாயில் மாத்திரமே என்றும் உரைகளின் வழி அறிகிறோம். பெரியவாச்சான் பிள்ளை மூவாயிரப்படியும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆறாயிரப்படியும் அருளிச்செய்து இந்தத் திவ்யப் பிரபந்தத்தின் ஆழத்தை நமக்குக் காட்டியிருக்கின்றனர். கூடாதவரை வெல்லும் எம்பெருமான், கூடியவரிடம் தானே தோற்று நிற்பான் என்பதும் இப்பாசுரத்தை ஒட்டிப் பெரியோர் அநுபவிக்கும் ஒரு சுவை. உறவினரிடம் வெல்வதற்கு நிற்பவர் கூடுவதில்லை. தோற்க இசைபவரே கூடுவர்.

அக்காரவடிசில் செய்யும் முறையே கூட்டுறவிற்குச் சான்று. பச்சரிசியையும் சிறிது பயத்தம்பருப்பையும் நெய்யில் இளவறுப்பாக வறுத்து, அரிசியின் அளவைப்போல் பல மடங்கு பாலில் சிறுதீயில் குழைய வேகவைத்து, வெல்லப் பாகு சேர்த்து, நெய்யை விட்டு விட்டுக் கிளற வேண்டும். ஒரு வேளையும் கை ஓயலாகாது, ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். ஒருவர் கை வலித்தால் மற்றொருவர் கரண்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். தளிகை செய்பவள் ஒருத்தி, உண்பவர் இருபது பேர் என்றிருக்கும் வீட்டில் பண்டிகை பத்தொன்பது பேருக்கே நிகழ்ந்தது என்று கொள்ள வேண்டும்.

கோயில் அண்ணன்

நாச்சியார் திருமொழியில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அவதரித்த எம்பெருமானார், சொல்லளவில் நின்ற அந்நேர்த்தியைச் செயலில் நிறைவேற்றத் திருவுள்ளம் கொண்டு, திருமாலிருஞ்சோலை சென்று அவ்வாறே சமர்ப்பித்தார். பின்னர் அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது, தமையன் செய்யத்தக்கதைச் செய்தார் என்று நாச்சியார் அவரைக் கோயில் அண்ணன் என்று அழைத்து வரவேற்றாள் என்பது குருபரம்பரை வழி வந்த வரலாறு. காலத்தால் முற்பட்டவள், பிற்பட்டவருக்குத் தங்கையானாள். அவளுடைய வாழித்திருநாமமும் இவ்வுறவைச் சொல்லியே அவளை வாழ்த்துகிறது.

ஒரு தங்கை விரும்பியதை அவள் கேளாமலே நிறைவேற்றுபவன் அண்ணன் என்பது இதன் பொருள். பொங்கலுக்கு மறுநாள் கனுவன்று, பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுப் பிடிகளைப் பறவைகளுக்கு வைத்து உடன்பிறந்தாரின் நலத்தை வேண்டுகின்றனர். உடன்பிறந்தாரும் கனுச்சீர் அளிக்கின்றனர். சீர் அனுப்புவதோடு அமையாமல், அந்நாளில் ஒரு முறை நேரில் சென்று சகோதரியின் வாசலில் நிற்பவர் கோயில் அண்ணன் காட்டிய வழியில் நிற்பவராவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழிப் பகற்பத்துத் தொடங்கும் நாளில் நிகழும் பச்சை பரப்புதலும் இங்கு நினைக்கத்தக்கது. ஆண்டாள், ரங்கமன்னாருடன் பெரியாழ்வார் வம்சத்தாரின் திருமாளிகைக்கு எழுந்தருள்கிறாள். புக்ககம் சென்ற பெண் கணவனோடு பிறந்தகம் வருவதாக எண்ணி, அங்குக் காய்களையும் கனிகளையும் பரப்பி வைத்து எதிர்கொள்கின்றனர். உலகத்திற்கே தாயாகிய பிராட்டிக்கும் பிறந்தகத்தில் வரவேற்பு உண்டு எனில், நம் வீட்டிலிருந்து மணமுடித்துச் சென்ற பெண்களை எவ்வளவு அன்போடு அழைக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சீதனமாகச் சென்ற முதலியாண்டான்

எம்பெருமானார் தம் ஆசார்யராகிய பெரிய நம்பிக்கு அத்துழாய் என்றொரு திருமகள் இருந்தாள். புக்ககத்தில் இருந்த அவள், வைகறையில் நீராடச் செல்லத் துணை வேண்டும் என்று மாமியாரிடம் கேட்டாள். உன் பிறந்தகத்திலிருந்து சீதனமாக ஒரு வேலைக்காரியை அழைத்து வந்திருக்கலாமே என்று மாமியார் கடிந்தாள். அத்துழாய் கண்ணீரோடு தந்தையிடம் முறையிட, அவர் உடையவரிடம் சொல்லும்படி அனுப்பினார். உடையவர் தம் சகோதரியின் மகனும், கற்றுத் துறைபோயவருமான முதலியாண்டானையே சீதனமாக அனுப்பினார். அம்மகான் அவ்வீட்டில் தளிகைப் பணியும் பிற பணிகளும் மனம் கோணாமல் செய்தார். அவர் யார் என்பதைப் பின்னர் அறிந்த அவ்வீட்டார் வெட்கி, உடையவரிடம் வந்து வணங்கினர்.

பெரும் பண்டிதர் ஒரு பெண்ணின் அடுக்களைச் சுமையைத் தாங்கினார் என்னும் இவ்வரலாறு நம் ஸம்பிரதாயத்தில் பெருமையோடு சொல்லப்படுவது. விருந்தினர் நிறைந்த நாளில் ஆண்மக்கள் கூடத்தில் அமர்ந்து உரையாட, பெண்டிர் மட்டும் புகையில் நிற்பது முறையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அடியேன் கண்ட ஒரு கூடாரவல்லி

அடியேன் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூற விரும்புகிறேன். எங்கள் தந்தையாருக்கும் அவர் தம்பிக்கும் நிலம் பாகம் பிரித்ததில் பேச்சு நின்றுவிட்டது. சிற்றப்பாவின் வீடு அதே தெருவில், எட்டு வீடு தள்ளி இருந்தது. பெருமாள் புறப்பாட்டில் இருவரும் ஒரே கோஷ்டியில் நிற்பர், ஒருவரையொருவர் பாரார். ஆண்டுதோறும் கூடாரவல்லியன்று பாட்டி ஓர் இலை அதிகமாகப் போடுவாள். அந்த இலை வெறிதாகவே இருந்து, பின் எடுக்கப்படும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

ஓர் ஆண்டு, அக்காரவடிசில் இறக்கியானபின், பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவளுக்கு அப்போது நடை தளர்ந்துவிட்டது. எட்டு வீடு கடப்பதற்குள் இரு திண்ணைகளில் அமர்ந்தாள். சிற்றப்பா வாசலில் நின்று, "பாகம் பிரிச்ச அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்டா. திறக்கலை. தப்பு என் மேலதான். சாப்பிட வா" என்றாள். சிற்றப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று மேல்வேஷ்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். திரும்பும்போது பாட்டியின் மறு கையை அவர் பிடித்துக்கொண்டார்.

பந்தியில் தந்தையாரும் சிற்றப்பாவும் அருகருகே அமர்ந்தனர். ஒருவரும் பேசவில்லை. பரிமாறிய என் தாயாரிடம் தந்தையார், "அவனுக்கு இன்னும் கொஞ்சம் நெய் விடு" என்றார். பல ஆண்டுகளுக்குப் பின் தம்பியைக் குறித்து அவர் வாயிலிருந்து வந்த முதற் சொல் அதுவே. அடுத்த மார்கழிக்குப் பாட்டி இல்லை. அந்த ஆண்டும் இலைகள் குறையவில்லை. சிற்றப்பாவின் குடும்பத்தார் எல்லோரும் வந்திருந்தனர். திருப்பாவை 15ஆம் பாசுரத்திற்கு அடியேன் பின்னாளில் உரைகள் பல கேட்டதுண்டு. பாட்டி அந்த வாசலில் நின்று சொன்னதே அடியேன் முதலில் கேட்ட உரை.

இந்நாள்களில் செய்யத்தக்கவை

இதுவரை கண்டவற்றை இவ்விடுமுறை நாள்களில் கைக்கொள்ளும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, எண்ணிப் பார்த்தல். கூடும் நாளுக்கு முன்பே, வருவோரை மட்டுமின்றி வராதோரையும் எண்ணுக. துணையை இழந்து தனித்து வாழும் அத்தை, பணி காரணமாக ஊர் வர இயலாத நண்பர், இவ்வாண்டு துக்கம் நேர்ந்த வீட்டார் ஆகியோர் இவ்வெண்ணிக்கையில் விடுபடலாகாது.

இரண்டாவது, வாசலுக்குச் செல்லுதல். செய்தி அனுப்புவது அழைப்பின் தொடக்கமே. இயன்றவர் நேரில் செல்க. கடல் கடந்து இருப்பவரைக் கைபேசியில் அழைத்து, முறை சொல்லி, மனம் விட்டுப் பேசுக.

மூன்றாவது, வழக்கை விடுதல். குற்றம் யாருடையது என்னும் ஆராய்ச்சியைத் திருவிழா நாளில் எடுக்கலாகாது. எடுக்க நேர்ந்தால், அதனைத் தாமே ஏற்றுக்கொள்க.

நான்காவது, கோள் ஒழித்தல். வராதவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அவரை அழைத்து வருவது எங்ஙனம் என்பதைப் பற்றியே பேசுக.

ஐந்தாவது, பணியைப் பகிர்தல். தளிகை செய்தவரும் பரிமாறியவரும் அமர்ந்து உண்ணும்போது, உண்டு முடித்தவர் எழுந்து அவர்க்குப் பரிமாறுக.

ஆறாவது, ஐயமும் பிச்சையும் இடுதல். நம் பந்தியில் இடம்பெறும் உரிமை உறவினர்க்கும் நண்பர்க்கும் மட்டும் உரியதன்று. வாசலில் வந்து நிற்பவர்க்கும், தெருவைத் தூய்மை செய்பவர்க்கும், ஆதரவற்ற முதியோர்க்கும் ஒரு பங்கு எடுத்து வைத்த பின்னரே இலை போடுக.

கோஷ்டியில் கற்கும் பாடம்

அன்பர்களே! இத்திருவிழாவில் தாங்கள் சேவிக்கும் கோஷ்டியைச் சற்று நோக்குங்கள். ஸ்ரீரங்கத்தில் பகற்பத்து, இராப்பத்து நாள்களில் அரையர் சேவை கேட்கத் திரள்பவர்கள் ஆயினும், ஒரு சிற்றூர்க் கோயிலில் வைகறையில் திருப்பாவை சேவிக்கும் பத்துப் பேராயினும், முறை ஒன்றே. சாற்றுமுறை முடிந்ததும் தீர்த்தமும் ஸ்ரீசடகோபமும் பிரசாதமும் வரிசையாக வருகின்றன. கொடுப்பவர் ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார். தூணின் மறைவில் நிற்பவருக்கும், பின்னால் வந்து சேர்ந்த குழந்தைக்கும் கை நீட்டுகிறார். எவரேனும் விடுபட்டால் அருகில் நிற்பவர் சுட்டிக் காட்டுகிறார். எம்பெருமான் திருமுன்பில் ஒருவரும் விடுபடாதிருக்க நாம் கொள்ளும் இந்தக் கவனத்தை நம் இல்லத்திற்கும் எடுத்துச் செல்ல வேண்டும்.

நம் உறவினரோடு நமக்குள்ள தொடர்பு நாம் தேடிக்கொண்டதன்று. அவன் அமைத்துத் தந்தது. தனக்கும் நமக்கும் உள்ள உறவை அவனாலும் நம்மாலும் ஒழிக்க இயலாது என்று 28ஆம் பாசுரத்தில் நாச்சியார் உறுதியாகக் கூறுகிறாள். அந்த உறவு ஒழியாததாயின், அவனுடைய குடும்பமாகிய நமக்குள் உள்ள உறவும் ஒழியத்தக்கதன்று. சில காலம் உறங்கலாம். எழுப்புவார் வாசலில் வந்து நின்றால் மீண்டும் எழும்.

இத்திருவிழா முடிந்து தாங்கள் ஊர் திரும்பும்போது பிரசாதம் கொண்டு செல்வீர்கள். அதனை வீட்டில் உள்ளோர்க்குக் கொடுக்கும்முன், ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். நெடுநாளாகச் செல்லாதிருந்த ஒரு வாசலுக்கு அதனைக் கையில் ஏந்திச் செல்லுங்கள். பெருமாள் பிரசாதத்தை ஏந்தி நிற்பவரிடம் கதவை அடைப்பவர் அரியர். உள்ளிருப்பவர் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்பாராயின், நீங்கள் வந்தால் எல்லோரும் வந்தவர்களே என்று மறுமொழி கூறுங்கள்.

சூடிக்கொடுத்த நாச்சியாரின் திருவருளும், அவளுடைய திருத்தமையனாராகிய எம்பெருமானாரின் திருவருளும் நம் இல்லங்கள் தோறும் நிறைந்து, பிரிந்தவர் கூடவும், கூடியவர் பிரியாதிருக்கவும் எம்பெருமான் திருவடிகளைப் பிரார்த்திப்போம்.

சுபம்.